நோயளவையும் பகுதியெண்ணும்

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்திலே, மருத்துவன் சிகிச்சை தொடங்குமுன் நோயுற்றவனது அளவையும் நோயினது அளவையும் காலத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்றார். அளவு என்னும் சொல்லை அவர் அவ்விடத்தில் எடுத்தாண்டமை நம் கருத்தைக் கவர்வது. எனினும், அவர் மனத்திலிருந்தவன் தனியொரு நோயாளன். ஓர் ஊரையோ ஒரு மாவட்டத்தையோ நோயாளனாக வைத்து அதன் நாடியைப் பார்க்கும் கலை மிகவும் பிற்பட்டது. கடந்த இரு நூற்றாண்டுகளில் வளர்ந்த அக்கலையைக் கொள்ளைநோயியல் என்பர். பெயரைக் கொண்டு, வாந்திபேதி, அம்மை முதலியவற்றை மட்டுமே அஃது ஆராயும் என எண்ணற்க. பாம்புக்கடி, நீரிழிவு, தற்கொலை, குடிப்பழக்கம் என்பனவும், மாட்டையும் நாயையும் பற்றும் நோய்களும் அதன் ஆராய்ச்சிக்கு உட்பட்டனவே. இக்கட்டுரை அக்கலை முழுவதையும் விளக்க முயலாது. அதன் அடித்தளமாகிய ஒரு கருத்தை நம் வாவிக்கரை நிலத்தோடு பொருத்திக் காட்டுதலே இதன் நோக்கம்.

கீழ்வகுப்பு மாணவனும் அறிந்த பின்னக் கணக்கே அவ்வடித்தளம். கோட்டின் மேலே நிற்பது தொகுதியெண். கீழே நிற்பது பகுதியெண். நோயுற்றோர் தொகை மேலே நிற்கும். எவரிடையே அவர் நோயுற்றனரோ அம்மக்கள் அனைவரின் தொகையும் கீழே நிற்கும். வாவிக்குக் கிழக்கே கடலோரமாய்க் கிடக்கும் எழுவான்கரையில் ஒரு பேரூரிலே 30 பேர் காய்ச்சலாற் படுத்தனர் என்றும், மேற்கே வயலும் குளமும் காடுமாய் விரிந்த படுவான்கரையில் ஒரு சிற்றூரிலே 12 பேர் படுத்தனர் என்றும் கொள்வோம். பேரூரின் குடிகள் 3,000. சிற்றூரின் குடிகள் 400. முன்னதில் நூற்றுக்கு ஒருவர் நோயாளர். பின்னதில் நூற்றுக்கு மூவர். ஆயினும் செய்தித்தாள் 30 என்னும் தொகையையே எழுதும். மருந்துவண்டியும் பெரும்பாலும் அப்பக்கமே போகும். தொகுதியெண் தானே வந்து கதவைத் தட்டும். பகுதியெண்ணை நாம்தான் வீடு வீடாகத் தேடிச் செல்லல் வேண்டும். நோயளவையின் இடர்ப்பாடு யாவும் பெரும்பாலும் இங்கேதான் தோன்றுகின்றன.

ஒரு நோயைப்பற்றிக் கேட்கத்தக்க வினாக்கள் இரண்டு. இன்று எத்துணைப் பேரிடத்து அந்நோய் உள்ளது என்பது ஒன்று. இவ்வாண்டில் எத்துணைப் பேர் புதிதாக அதற்கு ஆளாயினர் என்பது மற்றையது. முன்னதை நிலவுவீதம் என்றும் பின்னதை நிகழ்வுவீதம் என்றும் கூறலாம். உன்னிச்சைக் குளத்தைக் கண்டவர்க்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். குளத்தில் இன்று நிற்கும் நீரின் மட்டம் நிலவுவீதத்தை ஒக்கும். மாரியில் வந்து சேரும் நீர் நிகழ்வுவீதத்தை ஒக்கும். மதகினால் வெளியேறும் நீர் குணமடைந்தோரையும் இறந்தோரையும் ஒக்கும். வரத்து மிகாதபோதும், மதகை அடைத்தால் நீர்மட்டம் ஏறும். ஆதலின், நீரிழிவு நோயாளர் தொகை ஏறுகின்றது என்று கேட்டவுடன், அந்நோய் முன்னிலும் விரைந்து பரவுகின்றது என முடிவு கட்டுதல் பொருந்தாது. நல்ல மருந்து கிடைத்து நோயாளர் நெடுநாள் வாழ்ந்தாலும் அத்தொகை ஏறும். விசர்நாய்க்கடி நோயோ இதற்கு மறுதலை. குறி தோன்றியபின் சில நாளில் உயிர் போய்விடுதலின், எந்த ஒரு நாளில் எண்ணினும் ஓர் ஊரில் அந்நோயாளர் ஒருவரும் இரார். மதகு முழுதும் திறந்துகிடக்கும் குளம் அது.

நம் நாட்டில் இவ்வளவைமுறைகள் நன்கு பயின்றது மலேரியாவின் பொருட்டே. அடிக்கடி மலேரியாக் காய்ச்சல் பற்றிய சிறுவருக்கு மண்ணீரல் வீங்கும். இரண்டு வயது முதல் ஒன்பது வயது வரையுள்ள சிறுவரை நிறுத்தி, இடப்பக்க விலாவின் கீழ்க் கைவைத்துத் தடவி, நூற்றுவருள் எத்தனை பேருக்கு அவ்வீக்கம் உண்டு என எண்ணினால், அவ்வூரின் மலேரியா நிலை புலப்படும். குருதி எடுக்காமலும் கருவி ஒன்றும் இல்லாமலும் ஓர் ஊரின் நோயை அளக்கும் முறைகளுள் இதனினும் எளியது யான் அறிந்தவரை இல்லை. ஆபிரிக்காவிற் கம்பாலா நகரில் 1950ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனத்தார் கூட்டிய மாநாடு இவ்வீதத்தைக்கொண்டே நாடுகளை வகுத்தது. நூற்றுக்குப் பத்து வரை குறைநிலை. ஐம்பது வரை இடைநிலை. ஐம்பதின் மேல் மிகைநிலை. எழுபத்தைந்தையும் கடந்த ஊர்களுக்குத் தனிப்பெயர் இட்டனர்.

இம்மண்ணீரல் வீதம் 1934, 1935ஆம் ஆண்டுகளின் பெருவாரியை விளக்கிய வகை நினைக்கத்தக்கது. 1934இல் தென்மேல் பருவமழை பொய்த்தது. ஈரவலயத்து ஆறுகள் ஓட்டம் நின்று குட்டைகளாயின. வெயில் படும் அக்குட்டைகளிலே மலேரியாவைப் பரப்பும் நுளம்பு பெருகியது. கேகாலை, குருநாகல் பகுதிகள் பெரிதும் அழிந்தன. நாட்டின் மக்கள் ஏறக்குறைய 53 இலட்சம் பேர். அவருள் 15 இலட்சம் பேர் வரையிற் காய்ச்சலுற்றனர் என்பர். சில மாதங்களுள் இறந்தோர் தொகை 80,000 அளவில் மதிப்பிடப்பட்டது. மண்ணீரல் வீதம் எப்போதும் உயர்ந்திருந்த உலர்வலயத்திலே பெருவாரி அத்துணைக் கடுமையாய் எழவில்லை. ஆண்டுதோறும் அந்நோயோடு வாழ்ந்த மக்களின் உடல், ஓரளவு எதிர்ப்பாற்றலைப் பெற்றிருந்தமையே காரணம். இதனால் உலர்வலயத்தார் நற்பேறுடையர் எனக் கருதற்க. ஈரவலயத்தார் ஓராண்டில் ஒருங்கே இறுத்த கடனை, உலர்வலயத்தார் ஆண்டாண்டாகத் தம் குழந்தைகளின் உயிரால் தவணை தவணையாக இறுத்து வந்தனர். பெருவாரியால் இறந்தோரை அரசாங்கம் எண்ணியது. தவணையில் இறந்தோரை வழக்கம் என்று விட்டுவிட்டது.

போருக்குப் பின் வீடுகளுக்கு டி.டி.ரி. மருந்து தெளிக்கப்பட்டது. 1946இல் ஆயிரவர்க்கு 20.2 ஆக இருந்த இலங்கையின் இறப்புவீதம் 1947இல் 14.3 ஆகக் குறைந்தது. ஓராண்டில் இத்துணைச் சரிவு உலக வரலாற்றில் அரிது. அம்மருந்தே இதற்குக் காரணம் என ஒரு சாராரும், அரிசிப் பங்கீடும் மருத்துவமனைகளும் கல்வியும் காரணம் என மற்றொரு சாராரும் நெடுங்காலம் வழக்காடினர். மருந்து தெளியாத இடங்களிலும் இறப்புக் குறைந்ததே என்பது பிரடெரிக்சன் என்பாரின் தடை. பீற்றர் நியூமன் என்பார் 1965இல் வெளியிட்ட நூலிலே, மாவட்டந்தோறும் முன்பிருந்த மண்ணீரல் வீதத்தையும் அங்கே இறப்புவீதம் குறைந்த அளவையும் நிறை ஒத்துப் பார்த்தார். முன்னது உயர்ந்த இடங்களிற் பின்னதும் மிகுந்திருந்தது. ஆயினும் மொத்தச் சரிவிற் பாதிக்குச் சற்றுக் குறைந்த பங்கையே அவர் மலேரியா ஒழிப்புக்கு உரியதாக்கினார். இரு சாராரும் தத்தம் அளவிற் சரியே என்பது என் கருத்து. நாடு முழுவதற்கும் ஒரே வீதத்தைச் சொல்லுங்கால், மட்டக்களப்பின் சரிவும் காலியின் சரிவும் ஒன்றாய்க் கலந்து உண்மை மறைந்துபோகும் என்பதை இவ்வழக்கு நன்கு காட்டுகின்றது.

1963ஆம் ஆண்டில் இலங்கை முழுவதிலும் கண்டறியப்பட்ட மலேரியா நோயாளர் 17 பேரே. அதனை முடிவெனக் கருதிக் காவல் தளர்ந்தது. 1969இல் நோயாளர் தொகை 5 இலட்சத்தைக் கடந்தது. பின்னர்ப் பல்லாண்டு முயன்று, 2012 ஒக்டோபருக்குப்பின் உள்நாட்டில் ஒருவருக்கும் அந்நோய் தோன்றவில்லை என நிறுவி, 2016 செப்டெம்பரிலே உலகச் சுகாதார நிறுவனத்தின் சான்றிதழை நாடு பெற்றது. சுழியத்தை நிறுவுதல் எல்லாவற்றினும் கடினம். 300 பேரைச் சோதித்து ஒருவரிடத்தும் நோய் காணாவிடினும், நூற்றுவருள் ஒருவர் வரை நோயாளர் இருத்தல் கூடும் என்றே கணிதம் சொல்லும். சோதித்தவர் தொகையால் மூன்றை வகுத்தால் அவ்வெல்லை கிடைக்கும். காணவில்லை என்பது வேறு, இல்லை என்பது வேறு.

காணப்படாமை பற்றிப் பேசுங்கால் பாம்புக்கடியை நினையாதிருத்தல் இயலாது. படுவான்கரையில் அரவு தீண்டியவர் பலர் முதலிற் செல்வது விஷகடி வைத்தியரிடமே. அங்கே பிழைத்தவரும் இறந்தவரும் மருத்துவமனை இடாப்பில் ஏறார். அரசினர் மருத்துவமனைப் பதிவுகளைக்கொண்டு நோக்கியபோது இலங்கையில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 37,000 பேர் பாம்புக்கடிக்குச் சிகிச்சை பெற்றனர் எனக் கண்டனர். 2012, 2013ஆம் ஆண்டுகளிலே ஒன்பது மாகாணங்களிலும் 44,136 வீடுகளைத் தெரிந்து, அவற்றில் வாழ்ந்த 165,665 பேரைப்பற்றி நேரிற் கேட்டறிந்தனர். அவருட் பாம்பு கடித்தவர் 695 பேர். இறந்தவர் 19 பேர். அவ்விகிதத்தை நாடு முழுவதற்கும் விரித்தபோது ஆண்டொன்றுக்கு 80,000 கடிகளும் 464 இறப்புகளும் நிகழ்கின்றன என்னும் மதிப்பீடு கிடைத்தது. மருத்துவமனை வாயிலில் நின்று எண்ணியோர்க்கும் வீட்டு முற்றத்தில் நின்று எண்ணியோர்க்கும் இடையேயுள்ள வேறுபாடு இரு மடங்குக்கு மேற்பட்டது.

பாம்புக்கடியில் தொகுதியெண் குறைந்தது. நம் மாவட்டத்தில் நெடுங்காலம் பகுதியெண்ணே இல்லாதொழிந்தது. இலங்கையிற் குடிசன மதிப்பு 1871 முதல் முறையாக நடைபெறுகின்றது. 1981ஆம் ஆண்டு மதிப்பின்படி மட்டக்களப்பு மாவட்டத்தின் மக்கள் ஏறக்குறைய 330,000 பேர். 1991இல் நாட்டில் எங்குமே மதிப்பு எடுக்கப்படவில்லை. 2001இல் எடுத்த மதிப்பு 18 மாவட்டங்களிலேதான் நிறைவுற்றது. மட்டக்களப்பு அவற்றுள் ஒன்றன்று. 2007இற் கிழக்கு மாகாணத்துக்கெனச் சிறப்பாக ஓர் எண்ணிக்கை எடுத்தனர். ஏனைய மாவட்டங்களோடு ஒருங்கே நாம் முழுமையாக எண்ணப்பட்டது 2012இல்; அப்போது 526,000 பேருக்கு மேற்பட்டிருந்தோம். இடைப்பட்ட 31 ஆண்டுகளிற் கொலையுண்டோர், ஊர்விட்டு ஊர் பெயர்ந்தோர், தமிழகத்துக்கும் கனடாவுக்கும் சென்றோர், முகாமிற் பிறந்தோர் என மக்கள்தொகை பலவாறு அலைந்தது. அக்காலத்து வீதங்கள் அனைத்தும் ஊகித்த பகுதியெண்மேல் எழுந்தவை. குழந்தை இறப்பு எத்தனை, காசநோய் எத்தனை என்று கேட்டார்க்குத் தொகையைச் சொல்லலாம். நூற்றுக்கு எத்தனை என்று உறுதியாகச் சொல்லல் ஆகாது. மருத்துவமாதர் எத்தனை பேர் வேண்டும், மருந்து எவ்வளவு வேண்டும் என்பன யாவும் பகுதியெண்ணைக்கொண்டே தீர்மானிக்கப்படுதலின், இது வெறுங் கணக்குப் பிழையாக நின்றுவிடவில்லை.

பழைய அறிக்கைகளைப் படிக்கும் மாணவர் வேறொரு வகையிலும் ஏமாறுவர். 1961ஆம் ஆண்டிலேதான் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது. அதற்கு முன் மட்டக்களப்பு மாவட்டம் எனப்பட்டது தெற்கே பாணமை வரை நீண்டது. பெயர் ஒன்று, நிலம் வேறு. 1953ஆம் ஆண்டு வீதத்தையும் 1963ஆம் ஆண்டு வீதத்தையும் பெயர் ஒற்றுமையாற் பக்கத்திற் பக்கத்தில் வைத்து ஒப்பிடுதல் மயக்கந் தரும்.

மனிதரின் நிலை இதுவாயின், வாய்பேசா விலங்குகளின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. மட்டக்களப்பு நாட்டார் மாட்டின் மேற் குறிசுடும் வழக்கத்தை நெடுங்காலமாகக் கொண்டிருந்தனர். குடிக்குரிய குறிகளும் இருந்தன. 1958ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டமும் குறியை வேண்டியது. ஆயினும் காட்டோரப் பட்டிகளிலே கன்றுகள் குறிபெறாமலே வளர்ந்துவிடுவதுண்டு. வரி, மேய்ச்சல் நிலம் என்னும் பேச்சு எழுந்தால் மந்தை சிறிதாகும். நட்டஈடு என்னும் பேச்சு எழுந்தாற் பெரிதாகும். 2022 டிசெம்பரிலே மாண்டஸ் சூறாவளியோடு வந்த கடுங்குளிரால் வடக்கிலும் கிழக்கிலும் பலநூறு மாடுகள் இறந்தன. இறந்தவற்றின் தொகை நாள்தோறும் செய்தியாயிற்று. எத்தனை மாடுகளுள் அத்தனை இறந்தன என்னும் வினாவையோ கேட்டார் சிலரே. கன்றா, பசுவா, மெலிந்ததா, கொழுத்ததா எனப் பகுத்து, வகை ஒவ்வொன்றுக்கும் பகுதியெண் கண்டால் அன்றோ அடுத்த குளிர்க்கு எதனை முதலிற் காத்தல் வேண்டும் என்பது தெரியும்!

மாட்டு நோயை அளந்தமையால் மனிதர் நோயறிவு வளர்ந்த கதை ஒன்று உண்டு. தமிழகத்தார் வெக்கை என்னும் மாட்டுக் கொள்ளைநோய் 1865இல் இங்கிலாந்திற் பரவியது. நாட்டின் மாடுகள் யாவும் அழியும் என்று பாராளுமன்றத்தில் அச்சம் எழுந்தது. 1866 பெப்புருவரியிலே வில்லியம் பார் என்னும் புள்ளிவிவர அறிஞர் செய்தித்தாள் ஒன்றுக்குக் கடிதம் எழுதி, நோய் விரைவில் தணியும் என்றார். நோயுற்ற மாடுகள் அப்போதும் பெருகிக்கொண்டே இருந்தன. அவர் பெருக்கத்தை நோக்காது பெருக்கத்தின் விகிதத்தை நோக்கினார். உதாரணமாக, ஒரு மாதம் 100, அடுத்த மாதம் 200, அதற்கடுத்து 360, பின்னர் 576 எனத் தொகை ஏறுவதாகக் கொள்க. ஏறுமுகமே, ஆயினும் மடங்கு இரண்டிலிருந்து 1.8க்கும், பின் 1.6க்கும் இறங்கிவிட்டது. இவ்விறக்கம் தொடர்ந்தால் தொகையும் ஓர் உச்சியைக் கண்டு சரியும். அவர் சொன்னவாறே நோய் தணிந்தது. அதே மாதத்தில் நோயுற்ற மாடுகளைக் கொல்லும் சட்டமும் நிறைவேறியதனால், புகழ் முழுவதும் கணிதத்துக்கு உரியதன்று. நோய் ஒருயிரினின்று மற்றோருயிர்க்குச் செல்லுந்தோறும் அதன் நஞ்சு வலி குன்றும் என்பது அவர் தந்த விளக்கம். நோய்க்கு ஆளாகத்தக்க விலங்குகள் குறைந்துபோதலே பெருங்காரணம் என்பது இக்கால அறிவு.

அந்நோய் 1987இல் இந்திய அமைதிகாக்கும் படைக்கு உணவாகக் கொணர்ந்த ஆடுகளோடு இலங்கையின் வடகிழக்குக்கு வந்தது என்பது கால்நடை ஆராய்ச்சியாளர் முடிபு. ஆடுகளிடத்தே அடங்கிக்கிடந்து, எருமையையும் மாட்டையும் பற்றியபின் வெளிப்பட்டது. போர்க்காலம், மந்தைகளும் மேய்ப்பரும் இடம்பெயர்ந்த காலம். 1994 வரை அந்நோய் இங்கே நீடித்தது. 2011இல் உலகினின்றும் அஃது ஒழிந்ததென அறிவித்தனர். பெரியம்மைக்குப்பின் மனிதர் முற்றாக ஒழித்த நோய் இஃதொன்றே.

எண்ணுதற்கு நில்லாதவற்றை எண்ணும் வழி ஒன்று மீன்களிடமிருந்து வந்தது. வாவியில் உள்ள மீன்களை யார் எண்ண வல்லார்? தென்மார்க்கு நாட்டுப் பீற்றர்சன் என்பார் 1890களிலே, அந்நாட்டின் லிம்பியோட் என்னும் உவர்நீர்க் கழியில் மீன்களுக்கு அடையாளமிட்டு விடுத்து ஆராய்ந்தார். அவர் வழிவந்த கணக்கை நாய்களுக்குப் பொருத்திக் காட்டுவேன். ஓர் ஊரில் 60 நாய்களைப் பிடித்து முதுகிற் சாயமிட்டு விடுக. மறுநாட் காலை தெருக்களிற் சுற்றிவந்து கண்ணிற்பட்ட நாய்களை எண்ணுக. 80 நாய்கள், அவற்றுட் சாயமிட்டவை 24. கண்டவற்றுட் பத்துக்கு மூன்று சாயமுடையன. ஊரிலுள்ள நாய்களிலும் பத்துக்கு மூன்று சாயமுடையனவாதல் வேண்டும். சாயமிட்டவை 60 ஆதலின் ஊரின் நாய்கள் 200. சாயம் அழியாதிருத்தல், இடையில் நாய்கள் வெளியேறாதும் புகாதும் இருத்தல், பிடிபட்ட நாய் மறுநாள் மறைந்து திரியாதிருத்தல் என்னும் நிபந்தனைகள் உள. ஒருமுறை பிடிபட்ட நாய் மறுநாள் ஒளிக்கும் என்பதை நாய் வளர்ப்போர் அறிவர். ஒளித்தால் விடை மிகைப்படும்.

இலங்கையில் மீரிகமைப் பகுதியிலே இம்முறையால் நாய்களை எண்ணிய ஆராய்ச்சி 2000ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இஃது எதற்கென வினவுவார்க்கு விடை எளிது. விசர்நாய்க்கடி நோய் பரவாது நிற்க, நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்காவது தடுப்பூசி ஏற்றல் வேண்டும் என்பர். மேற்சொன்ன ஊரில் 120 நாய்களுக்கு ஊசி போட்டனர் என்றும், வீட்டார் தமதென்று சொல்லிய நாய்கள் 150 என்றும் கொள்வோம். நூற்றுக்கு எண்பது ஆயிற்று என அறிக்கை எழுதுவர். உண்மைப் பகுதியெண் 200 ஆயின், அறுபதே நிறைவேறியது. நோய் நுழைய வழி திறந்தே கிடக்கின்றது. 1973இல் இந்நோயால் இலங்கையில் 377 பேர் இறந்தனர். அண்மை ஆண்டுகளில் அத்தொகை இருபது முப்பது என்னும் அளவுக்குக் குறைந்தமை பெருஞ்சாதனை. எஞ்சிய இருபதையும் ஒழிப்பதற்கு யாருக்கும் உரியதல்லாத நாயை எண்ண அறிதல் வேண்டும்.

இதே கணக்கை மனிதருக்கும் ஆளலாம் என 1949இற் சந்திரசேகரன் என்னும் இந்திய அறிஞரும் டெமிங் என்னும் அமெரிக்க அறிஞரும் காட்டினர். கல்கத்தாவுக்கு அண்மையிலுள்ள சிங்கூர்ப் பகுதியின் பிறப்பு இறப்புகளே அவர் ஆராய்ந்த பொருள். பதிவுகாரரின் இடாப்பு ஒன்று; வீடு வீடாகச் சென்று கேட்டு எழுதிய இடாப்பு ஒன்று. இரண்டிலும் உள்ள இறப்புகள் 120, முதலதில் மட்டும் உள்ளவை 40, இரண்டாவதில் மட்டும் உள்ளவை 60 எனக் கொண்டால், இரண்டிலும் விடுபட்டவை எத்தனை? 40ஐ 60ஆற் பெருக்கி 120ஆல் வகுக்க 20 கிடைக்கும். ஒருவரும் எழுதாத இருபது சாவுகளை இரண்டு குறைபட்ட இடாப்புகள் சேர்ந்து சொல்லிவிடுகின்றன. இரு இடாப்புகளும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்பட்டிருந்தால் இக்கணக்கு உதவாது. அரசாங்க அலுவலகங்களிற் சிலபோது நிகழ்வது அதுதான்.

சமூகக் குறைபாடுகளை அளக்கப் புகுவார்க்கு இன்னொரு தொல்லை. மண்ணீரல் கைக்குத் தட்டுப்படும். கசிப்புக் குடித்தலை எதனால் அளப்பது? பொலிசார் பிடித்த வழக்குகளின் தொகை பொலிசாரின் ஊக்கத்தை அளக்கும். வழக்குகள் இரட்டித்த ஆண்டிற் குடியும் இரட்டித்தது என்பார் கூற்றை ஏற்றற்கில்லை. பெண் தலைமைக் குடும்பங்கள் எத்தனை என்பதும் இத்தகையதே. கணவனை இழந்தவள், கணவன் காணாமற் போனவள், கணவன் மத்தியகிழக்கில் இருப்பவள் ஆகிய மூவரையும் ஒரு பெயராற் சுட்டுவதா என்பதை முடிவு செய்யாமல் எண்ணத் தொடங்கினால், அலுவலகத்துக்கு ஒரு தொகை வரும். பள்ளி வரவு இடாப்பும் ஓர் அளவுகோலே. வேளாண்மை வெட்டுக் காலத்து வரவின்மையையும் காய்ச்சற் காலத்து வரவின்மையையும் அஃது ஒன்றுபோலக் காட்டும். இடைவிலகிய பிள்ளையை இடாப்பினின்றே நீக்கிவிடுதலால், மிக வறிய வீடு பகுதியெண்ணினின்று மறைந்துபோகும்.

சமூகத் துன்பத்தை நன்கு அளந்தமையாற் பயன் விளைந்த இடமும் உண்டு. 1995ஆம் ஆண்டளவில் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சம் பேருக்கு 47 ஆக உலகின் மேல்வரிசையில் நின்றது. பத்தாண்டுகளில் அது பாதியாயிற்று. போர், வேலையின்மை, மது என்பவற்றின் ஏற்றத்தாழ்வுகள் அச்சரிவோடு ஒத்துவரவில்லை. கடுநஞ்சான பூச்சிகொல்லிகளைத் தடைசெய்த காலமே ஒத்துவந்தது. துயருற்றோர் தொகை குறையாதபோதும், துயருற்ற வேளையில் கைக்கெட்டிய பொருள் கொல்லாதபடியால் பலர் பிழைத்து எழுந்தனர். முயற்சியின் வீதத்தையும், முயன்றாரிடை இறப்பின் வீதத்தையும் வேறு வேறாக அளந்திராவிடின் இவ்வுண்மை புலப்பட்டிராது.

2004 டிசெம்பர் 26, ஞாயிறு காலை, கடல் எழுந்தபோது இலங்கையில் மிகக் கூடிய உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டக் கரையோரம். அதன்பின் கிழக்குக் கரையோர மாவட்டம் ஒன்றின் 13 முகாம்களிலே, 859 வீட்டாரிடம் அவர்தம் வீடுகளில் வாழ்ந்த 3,533 பேரைப்பற்றிக் கேட்டு எழுதினர். நூற்றுக்கு ஏறக்குறைய 13 பேர் இறந்திருந்தனர். ஆடவருள் நூற்றுக்கு 8.2, பெண்டிருள் 17.5. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் 31.8. வீட்டினுள் இருந்தோர் வெளியே நின்றோரினும் மிகுதியாக மாண்டனர். கடல் வேறுபாடு பாராமல் எல்லாரையும் வாரிச் சென்றது என்று அக்காலத்திற் பேசினோம். பகுதியெண்ணை வயதாலும் பாலாலும் பகுத்தபோது கடல் எடுத்துச் சென்றவர் யாவர் என்பது தெரிந்தது. ஆயினும், இவ்வீதங்கள் முகாமில் இருந்து விடை சொல்ல ஒருவரேனும் எஞ்சிய வீடுகளுக்கே உரியன. தாயும் தந்தையும் பிள்ளைகளும் ஒருங்கே போன வீட்டைப்பற்றி அங்கே சொல்வார் இல்லை. அவ்வீடு தொகுதியெண்ணிலும் இல்லை, பகுதியெண்ணிலும் இல்லை. அதனைக் கண்டுபிடிக்க, சிங்கூரிற் செய்ததுபோல, முகாமில் எழுதிய இடாப்பைக் கிராம உத்தியோகத்தரிடம் இருந்த பழைய வாக்காளர் இடாப்போடு பெயர் பெயராக ஒத்துப் பார்த்தல் வேண்டும். வாக்குரிமை வயதை எட்டாத குழந்தைகளை அந்த இடாப்பும் அறியாது.